எடுத்துக்கொள்ளுங்கள், என் பேரை மட்டும் வெட்டாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், இணையத்தில் கண்ணில் படும் படத்தையெல்லாம் சுட்டுப் போடக் கூடாது என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படங்களைத் தேடிப் பாருங்கள்’ என்று சொல்லியிருந்தேன். ‘இந்த நிபந்தனைகளோடு யாரும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று படைத்தவரே முன்கூட்டி எழுதிக் கொடுக்கும் அனுமதிதான் அந்த உரிமம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டவைதான். அதிலும் எடுப்பதைப் பற்றிக் கேட்டவர்களைவிட, சொந்தச் சரக்கைக் கொடுப்பது எப்படி என்று கேட்டவர்கள் அதிகம். சந்தோஷமாக இருந்தது. அதனால் இந்த முறை பத்தி முழுக்க அதற்கே. நான் வழக்கறிஞர் இல்லை, இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கோர்ட் வரை போகிற விவகாரம் என்றால் அதற்கு உரியவரைப் பாருங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு நானே தயாரித்த பயிற்சித்தாள்களை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்துவந்தேன். பக்கத்து ஊர் டியூஷன் சென்டர் ஒன்று என் பேரை வெட்டிவிட்டு, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு விற்கிறது. பிள்ளைகளுக்கு இலவசமாகப் போய்ச் சேர வேண்டும், இவர்கள் காசு பார்க்கக் கூடாது. எந்த உரிமம் போடலாம்?
– ஆசிரியை, தென்காசி மாவட்டம்

டீச்சர், நீங்கள் எந்த உரிமமும் போடாததால் அந்தத் தாள்கள் கேட்பாரற்ற பொருளாகிவிட்டன என்று அந்த சென்டர்காரர் நினைத்திருக்கலாம். அது தப்பு. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டாம், வட்டத்துக்குள் ‘சி’ போட வேண்டாம். உங்கள் அனுமதி இல்லாமல் விற்றது ஒரு மீறல், பேரை வெட்டியது இன்னொரு மீறல். எழுதியவர் ‘இது நான் எழுதியது’ என்று உரிமை கோரலாம் என்பதை அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. ஆக இன்றைக்கே நீங்கள் அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப முடியும்.

இனி உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது 2001இல் அமெரிக்காவில் லாரன்ஸ் லெஸ்ஸிக் முதலியோர் தொடங்கிய அமைப்பு. முதல் உரிமங்களை 2002 டிசம்பரில் வெளியிட்டார்கள். இப்போது போட வேண்டியது 2013இல் வந்த 4.0 பதிப்பு. நம்மவர்கள் இதைப் ‘படைப்பாக்கப் பொதுமங்கள்’ என்றும் எழுதுவார்கள், பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்த உரிமத்தைப் போட்டால் உங்கள் உரிமை போய்விடாது. வீட்டை வாடகைக்கு விடுகிற மாதிரிதான்: பட்டா உங்கள் பேரில் இருக்கும், உள்ளே இருப்பவர் நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும், வாடகை மட்டும் கிடையாது.

நிபந்தனைகள் நாலே நாலு. பி.ஒய். என்றால் என் பேரைப் போடு. எஸ்.ஏ. என்றால் மாற்றி வெளியிட்டால் நீயும் இதே உரிமத்தில்தான் விட வேண்டும். என்.சி. என்றால் வணிகத்துக்கு ஆகாது. என்.டி. என்றால் மாற்றியதை வெளியிடாதே. இவற்றைக் கலந்து ஆறு உரிமங்கள், ஆறிலும் பி.ஒய். உண்டு. எதை எடுத்தாலும் பேரை வெட்ட முடியாது என்பது உறுதி.

உங்கள் கேள்வியைப் படித்தவுடன் யாரும் என்.சி. போடுங்கள் என்றுதான் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். என்.சி. தடுப்பது டியூஷன் சென்டரை மட்டும் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவிலோ, விக்கிமூலம் என்ற இணைய நூலகத்திலோ அதைச் சேர்க்க முடியாது. விளம்பரம் ஓடும் கல்வித் தளம் ஒன்று எடுத்துப் போடத் தயங்கும். உங்கள் தாள்களைப் புத்தகமாக அச்சடித்து, அச்சுச் செலவுக்கு மேல் பத்து ரூபாய் வைத்து மலைக்கிராமத்தில் விற்க நினைக்கும் ஒரு சின்ன அமைப்பும் யோசிக்கும். உரிமத்தின் சொற்கள் ‘வணிக ஆதாயத்தையோ பண ஈட்டையோ முதன்மை நோக்கமாகக் கொள்ளாத’ பயன்பாடு என்ற அளவில்தான் இருக்கின்றன. எது முதன்மை நோக்கம் என்று ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி பயந்துகொள்வார்கள். நல்லவர்கள் பயந்து ஒதுங்குவார்கள். உங்கள் பேரை வெட்டத் துணிந்தவர் உரிமத்தைப் படித்துவிட்டா நிறுத்தப்போகிறார்?

நானாக இருந்தால் பி.ஒய்.–எஸ்.ஏ. போடுவேன். அப்போது சென்டர்காரர் விற்கலாம்தான். ஆனால் உங்கள் பேர், எங்கே இலவசமாகக் கிடைக்கிறது என்ற இணைப்பு, என்ன உரிமம், மூன்றையும் அச்சிட்டே ஆக வேண்டும். அவர் சேர்த்த பதில்கள், திருத்தங்கள் எல்லாம் அதே உரிமத்தில் வரும், அவற்றை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ‘இது இந்தத் தளத்தில் சும்மாவே கிடைக்கிறது’ என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்த கட்டை யார் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்குவார்கள்? அவர் அச்சிடாமல் விற்றால் உரிமம் ரத்து, பழையபடி வெறும் பதிப்புரிமை மீறல். 4.0 பதிப்பில் ஒரு சலுகை இருக்கிறது: மீறல் தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் தானாகத் திரும்பிவிடும். அறியாமல் செய்தவர்களுக்கு அது நியாயம்தான்.

அப்படியும் ‘என் உழைப்பில் அந்த ஆள் ஐந்து பைசா பார்த்தாலும் எனக்கு ஆறாது’ என்றால் பி.ஒய்.–என்.சி.–எஸ்.ஏ. போடுங்கள், அதுவும் நேர்மையான முடிவுதான். அப்போது பள்ளிக்கு நகலெடுத்துத் தரும் ஜெராக்ஸ் கடைக்காரர் மாட்டிக்கொள்வாரோ என்று கவலை வேண்டாம். அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு, என்.சி. போட்ட தன் கணக்குப் பாடங்களைப் பள்ளிகளுக்காகக் கூலிக்கு நகலெடுத்துக் கொடுத்த ஃபெடெக்ஸ் கடைகள்மேல் வழக்குப் போட்டது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது: பள்ளி செய்யக்கூடியதைப் பள்ளிக்காகக் கடைக்காரர் செய்து கொடுக்கிறார், அவ்வளவுதான். அது அங்கத்திய தீர்ப்பு, நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நியாயம் புரிகிறது அல்லவா.

இன்னும் இரண்டு விஷயம். பாடநூலிலிருந்து எடுத்து ஒட்டிய படங்கள் உங்கள் தாளில் இருந்தால் அவற்றுக்கு நீங்கள் உரிமம் தர முடியாது. எடுத்துவிட்டுக் கையாலேயே வரைந்து போடுங்கள், அழகு முக்கியமில்லை. அப்புறம், வேலையின் ஒரு பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர் என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டில் உட்கார்ந்து உங்கள் விருப்பத்தில் எழுதியது அதில் வருமா என்பது விவாதத்துக்குரியது. எதற்கும் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் ஒரு வார்த்தை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

இந்த உரிமத்தை எந்த ஆபீஸில் பதிவு செய்ய வேண்டும்? கட்டணம் எவ்வளவு?
– கல்லூரி மாணவர், ஈரோடு

எங்கேயும் வேண்டாம் தம்பி. கட்டணமும் இல்லை. ‘இந்தப் படைப்பு இந்த உரிமத்தில் வெளியிடப்படுகிறது’ என்று எழுதி, உரிமப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் முடிந்தது. பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டுப் படங்கள் நிறைய வைத்திருக்கிறேன். விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றச் சொல்கிறார்கள். அப்புறம் சிவகாசியில் யாரோ காலண்டர் அடித்து விற்றால் நான் வேடிக்கை பார்க்க வேண்டியதுதானா? கல்யாண வீட்டுப் படங்களையும் இப்படிப் போடலாமா?
– ஒளிப்படக்காரர், மதுரை

விக்கிமீடியா காமன்ஸ் என்பது விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் தளம், கிரியேட்டிவ் காமன்ஸ் வேறு. அந்தத் தளத்தில் என்.சி.யும் என்.டி.யும் செல்லாது. பி.ஒய்., பி.ஒய்.–எஸ்.ஏ., அல்லது எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கும் சி.சி. ஜீரோ, இவை மாதிரியான தாராள உரிமங்களை மட்டும்தான் ஏற்பார்கள். ஆகவே ஆமாம், காலண்டர் அடிக்கலாம். உங்கள் பேரையும் உரிமத்தையும் போட்டுத்தான் அடிக்க வேண்டும், அது வேறு.

எஸ்.ஏ. போட்டால் காலண்டர் முழுக்க எல்லாருக்கும் பொதுவாகிவிடும், அதனால் வியாபாரிகள் தொட மாட்டார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். இதை நம்பி ஏமாந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு ஒளிப்படக்காரர் ஃபிளிக்கர் என்ற படம் பகிரும் தளத்தில் பி.ஒய்.–எஸ்.ஏ. உரிமத்தில் ஒரு கால்வாய்ப் படத்தைப் போட்டிருந்தார். கப்பா மேப் குரூப் என்ற நிறுவனம் அதை எடுத்து மேரிலாந்து மாநிலத்தில் ஒரு மாவட்டத்தின் தெரு வரைபடப் புத்தகத்துக்கு அட்டைப்படமாகப் போட்டு விற்றது, பின்னட்டையில் அவர் பேரும் இருந்தது. புத்தகத்தையே அதே உரிமத்தில் விட்டிருக்க வேண்டும் என்று அவர் வழக்குப் போட்டார். 2015இல் வாஷிங்டன் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தை மாற்றி இன்னொரு படைப்பு செய்தால்தான் எஸ்.ஏ. பிடிக்கும், படத்தை அப்படியே ஒரு தொகுப்புக்குள் வைத்தால் படம் மட்டும் அந்த உரிமத்தில் இருக்கும், தொகுப்பு அவரவர் பாடு. காலண்டருக்கும் கணக்கு அதேதான்.

இதில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. சோற்றுக்கு வழி செய்யும் படம் எது, ஊருக்குத் தெரிய வேண்டும் என்று எடுத்த படம் எது என்று முதலில் பிரியுங்கள். இரண்டாவது வகையைத் தாராளமாக ஏற்றுங்கள். வாடிவாசல், பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் காளைகள், தொழுவம், கட்டுத்தறி, இதற்கெல்லாம் நல்ல படம் தேடி அலைகிற கட்டுரையாளர்கள் ஏராளம். முதல் வகையை ஏற்றவே ஏற்றாதீர்கள். சின்ன அளவில் ஏற்றி, பெரிய அளவை விலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அளவு வேறானாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரே படைப்பாக இருந்தால் உரிமம் பெரியதற்கும் பொருந்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே எச்சரிக்கிறது. அதை நம்பி வியாபாரம் செய்யாதீர்கள். வேண்டுமானால் இப்படிச் செய்யலாம்: பேர் போட விருப்பமில்லாத கம்பெனிகள் உங்களைத் தொடர்புகொண்டு பணம் கொடுத்துத் தனி அனுமதி வாங்கலாம் என்று படப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் கொடுத்த பிறகும் அதே படத்தை வேறு நிபந்தனையில் விற்கும் உரிமை உங்களிடம்தான் இருக்கிறது.

கல்யாணப் படங்கள்? வேண்டவே வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவர்தான் முதல் உரிமையாளர். இதுவும் அந்த 17ஆம் பிரிவுதான். பல ஸ்டுடியோக்காரர்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

உரிமை உங்களிடமே இருந்தாலும் படத்தில் முகம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 2007இல் விர்ஜின் மொபைலின் ஆஸ்திரேலிய நிறுவனம், ஃபிளிக்கரில் பி.ஒய். உரிமத்தில் இருந்த ஒரு அமெரிக்கச் சிறுமியின் படத்தை எடுத்து, கேலியான ஒரு வாசகத்தோடு விளம்பரத்தில் போட்டுவிட்டது. படம் எடுத்தவர் உரிமம் கொடுத்திருந்தார். சிறுமியிடம் யாரும் கேட்கவில்லை. குடும்பம் டெக்சாஸில் வழக்குப் போட்டது, ஆஸ்திரேலிய நிறுவனத்தின் மேல் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2009இல் வழக்கு முடிந்துபோனது. சட்டம் எப்படிப் போனாலும் அந்தப் பெண்ணின் சங்கடம் சங்கடம்தானே? நீங்கள் தருவது உங்கள் பதிப்புரிமைக்கான அனுமதி மட்டும். படத்தில் இருப்பவர் சார்பில் நீங்கள் அனுமதி தர முடியாது. மாடு பிடிக்கும் வீரர்களிடம், குறிப்பாகச் சின்னப் பையன்கள் என்றால் பெற்றோரிடம், கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

என் சிறுகதைத் தொகுதியைப் பல வருஷங்களுக்கு முன் சென்னைப் பதிப்பகம் ஒன்று போட்டது. இப்போது பிரதிகள் எங்கும் இல்லை, பதிப்பகமும் பதில் எழுதுவதில்லை. இணையத்தில் எல்லாரும் வாசிக்கும்படி விடலாமா?
– எழுத்தாளர், யாழ்ப்பாணம்

ஐயா, முதலில் அந்தக் காலத்துக் கடிதங்களைத் தேடி எடுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்தீர்களா, அல்லது ‘ஒரு பதிப்பு போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொன்னதோடு சரியா? நம் எழுத்தாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டாவதுதான் நடந்திருக்கும். அப்படியானால் உரிமை உங்களிடமே இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டாம். எழுதிக் கொடுத்திருந்தாலும் கால அளவு குறிப்பிடவில்லை என்றால் இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை ஐந்து வருஷம் என்றே எடுத்துக்கொள்ளும். ‘என்றென்றைக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் சிக்கல். அப்போது ஒரு வழக்கறிஞரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம் எழுத்தாளரின் பக்கம் பலமானதுதான். வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் உரிமை உண்டு. இந்தியாவில் பின்னுள்ளது 60 ஆண்டு.

பலரும் மறந்துபோகும் இடம் ஒன்று: அட்டைப்படம் ஓவியருடையது, முன்னுரை எழுதியவருடையது. கதைகள் உங்களுடையவை என்பதால் புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றிவிடாதீர்கள். ஓவியரிடமும் முன்னுரையாளரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆள் இல்லை என்றால் வாரிசுகளிடம். முடியாவிட்டால் அட்டையையும் முன்னுரையையும் விட்டுவிட்டுக் கதைகளை மட்டும் தட்டச்சு செய்து விடலாம்.

எங்கே விடுவது? உங்கள் ஊர்ப் பிள்ளைகள் 2005இல் தொடங்கிய நூலகம் தளம் இருக்கிறது, ஈழத்து எழுத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மின்னூலாக வேண்டும் என்றால் 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸில் வரும் புத்தகங்களை இலவசமாக வெளியிடுகிறது. போனிலும் கிண்டிலிலும் படிக்க வசதியான வடிவங்களில் தன்னார்வலர்கள் செய்து தருகிறார்கள். உரிமத்தை நீங்களே தெரிவு செய்யலாம். புனைவுக்கு நான் எஸ்.ஏ.யை வற்புறுத்த மாட்டேன். என் கதையின் முடிவை யாரும் மாற்றக் கூடாது என்று நினைப்பது எழுத்தாளரின் நியாயமான ஆசை. அதற்கு என்.டி. இருக்கிறது. ஆனால் என்.டி. போட்டால் மொழிபெயர்ப்பும் நின்றுபோகும், கேட்டு வாங்கினால் ஒழிய.

ஆங்கிலத்தில் ஒரு நல்ல மருத்துவக் கட்டுரை. கீழே பி.ஒய்.–என்.சி.–என்.டி. என்று இருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்து, காசு வாங்காமல், எழுதியவர் பேரோடுதானே போடுகிறேன், தப்பா?
– செவிலியர், திருச்சி

தப்புத்தான். மொழிபெயர்ப்பும் மாற்றியமைத்தலே. நீங்கள் படிக்க மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம், வெளியிட முடியாது. எழுதியவருக்கு நாலு வரியில் மின்னஞ்சல் போடுங்கள்: யார், எந்த மொழி, எங்கே வெளியாகும். பலர் சந்தோஷமாகச் சரி என்பார்கள், என்.டி. போட்டவர்களில் நிறையப் பேருக்கு மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பூட்டுகிறோம் என்பதே தோன்றியிருக்காது. பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விக்கிப்பீடியாக் கட்டுரை என்றால் கேட்கவே வேண்டாம், அது பி.ஒய்.–எஸ்.ஏ., 2023 முதல் 4.0 பதிப்பு. மூலத்துக்கு இணைப்பு, ‘தமிழாக்கம் இன்னார்’ என்ற குறிப்பு, அதே உரிமம், இவ்வளவு இருந்தால் போதும். மருத்துவ விஷயம் என்பதால் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள், அது உரிமத்தில் இல்லாத நிபந்தனை.

தாத்தா வைத்திருந்த பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை போட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நல்ல காரியம்தானே?
– வாசகர், கும்பகோணம்

ஸ்கேன் செய்வது நல்ல காரியம். முத்திரைதான் இடிக்கிறது. உங்களுடையதாக இல்லாத ஒன்றுக்கு உரிமம் கொடுக்க உங்களால் முடியாது.

எழுதியவர் இறந்து, அடுத்த சனவரியிலிருந்து எண்ணி 60 ஆண்டு முடிந்திருந்தால் அது ஏற்கெனவே எல்லாருக்கும் பொது. உ.வே.சா. 1942இல் மறைந்தார், 2003 பிறந்ததிலிருந்து அவர் எழுத்துக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதற்குப் போய் ‘என் பேரைப் போடு’ என்று உரிமம் ஒட்டினால் பொதுச்சொத்தில் வேலி போட்ட கதை. அதற்கென்றே பொது உரிமைக் குறி (பப்ளிக் டொமைன் மார்க்) தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள். தமிழ்நாட்டுக்கு ஒரு கூடுதல் அதிர்ஷ்டம், நாட்டுடைமை. பாரதி எழுத்தின் உரிமையை 1949இல் அரசு வாங்கியதில் தொடங்கிப் பல எழுத்தாளர்களுக்கு அரசு பணம் கொடுத்து உரிமையைப் பொதுவாக்கியிருக்கிறது; கல்கி 1954இல் மறைந்தவர், 60 ஆண்டுக் கணக்குக்குக் காத்திருக்காமல் முன்பே நாட்டுடைமையானார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் விக்கிமூலத்திலும் இந்த நூல்கள் ஏராளம். நீங்கள் ஸ்கேன் செய்யும் முன் அங்கே ஒரு தடவை தேடுங்கள், உழைப்பு மிச்சமாகும்.

இரண்டிலும் சேராத, இன்னும் உரிமை உள்ள புத்தகம் என்றால் இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இதே குழப்பம் பாட்டிலும் வரும். தேவாரம் பொதுச்சொத்து, நேற்று ஒரு ஓதுவார் பாடிப் பதிவான ஒலிப்பதிவு பொதுச்சொத்து இல்லை.

போன வருஷம் என் கட்டுரைகளுக்கு பி.ஒய். போட்டேன். எனக்குப் பிடிக்காத ஒரு கட்சிக்காரர்கள் எடுத்துப் போட்டுவிட்டார்கள். உரிமத்தைத் திரும்பப் பெறலாமா?
– வாசகர், சேலம்

முடியாது. ஏற்கெனவே எடுத்தவர்களுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். இனிமேல் அந்த உரிமத்தில் தராமல் நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் பழைய பிரதியை வைத்திருப்பவர் அதைப் பகிரலாம். உங்களுக்கு இருக்கும் வழி வேறு: உங்கள் பேரை எடுத்துவிடச் சொல்லலாம், 4.0 உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. நீங்கள் அவர்களை ஆதரிப்பது போல அவர்கள் காட்டிக்கொள்ளவும் உரிமம் அனுமதிக்கவில்லை. கட்டுரையைத் திரித்திருந்தால் அந்த 57ஆம் பிரிவு மறுபடி வருகிறது. வேண்டாதவன் எடுத்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற எழுத்துக்கு மட்டும் இந்த உரிமத்தைப் போடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். அரசியல் கட்டுரைக்கு நான் போட மாட்டேன்.

தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்று எழுதியிருக்கிறேன், கூடவே ஒரு சொற்பட்டியல். இரண்டுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் போடலாமா?
– மென்பொருள் பணியாளர், கோவை

நிரலுக்கு வேண்டாம், கிரியேட்டிவ் காமன்ஸ்காரர்களே அப்படிச் செய்யாதீர்கள் என்கிறார்கள். மூலநிரல், காப்புரிமை (பேடன்ட்) மாதிரியான விஷயங்கள் அதில் சரியாக வராது. மென்பொருளுக்கென்றே இருக்கும் ஜி.பி.எல். அல்லது எம்.ஐ.டி. உரிமம் போடுங்கள். சொற்பட்டியலுக்கு சி.சி. ஜீரோ, பத்துப் பட்டியல்களைக் கலந்து ஒன்று செய்பவர் பத்துப் பேர் பேரையும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்காது. எழுத்துரு செய்தால் எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ். கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கும் மீரா இனிமை, கவிவனார் எல்லாம் அதில் வந்தவைதான்.

என்.சி. போட்டால் ஏ.ஐ. கம்பெனிகள் என் எழுத்தைத் தொட முடியாதல்லவா?
– கவிஞர், பெங்களூரு

அப்படிச் சொல்லிவிட முடியாது. பதிப்புரிமைச் சட்டப்படி அனுமதி தேவைப்படும் இடத்தில்தான் உரிமத்தின் நிபந்தனை வேலை செய்யும். எழுத்தைக் கொடுத்து ஏ.ஐ.யைப் பயிற்றுவிக்க அனுமதியே வேண்டாம் என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்லிவிட்டால் என்.சி. அங்கே சும்மா. நம் நாட்டில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓப்பன் ஏ.ஐ.மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு இதைப் பற்றியதுதான். இந்தப் பயத்துக்காக மட்டும் என்.சி. போட்டு, உங்கள் கவிதையைச் சிறுபத்திரிகைக்காரர் எடுக்க முடியாமல் செய்துவிடாதீர்கள்.

இலவசமாகக் கொடுத்தால் அச்சுப் புத்தகம் யார் வாங்குவார்கள்?
– சிறு பதிப்பாளர், சென்னை

கனடாக்காரர் கோரி டாக்டரோ 2003இல் தன் முதல் நாவலை அச்சில் விற்ற அதே சமயம் கிரியேட்டிவ் காமன்ஸில் இணையத்திலும் விட்டார், அதன் பிறகும் அவருக்குப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. அது எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கிடங்கில் ஐந்நூறு பிரதி தூங்கும் புது நாவலை இப்படி விடச் சொல்ல எனக்கு மனசு வராது. மறுபதிப்புக்கு வழியில்லாமல் பத்து வருஷமாக அலமாரியில் கிடக்கும் கட்டுரை நூல்களை விட்டுப் பாருங்கள்; எழுத்தாளர் சம்மதத்தோடு.

இவ்வளவு சொல்கிறீர்கள், என்ன எழுத வேண்டும் என்று ஒரு வரி கொடுங்கள், அப்படியே ஒட்டிக்கொள்கிறேன்.
– வாசகி, புதுச்சேரி

இதோ: ‘[தலைப்பு], ஆக்கம்: [உங்கள் பேர்], [மூலப் பக்கத்தின் முகவரி], கிரியேட்டிவ் காமன்ஸ் பி.ஒய்.–எஸ்.ஏ. 4.0 பன்னாட்டு உரிமம், [உரிமப் பக்கத்தின் முகவரி].’

உரிமத்தின் பேரையும் பதிப்பு எண்ணையும் விட்டுவிடாதீர்கள், வெறும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்று எழுதினால் ஆறில் எது என்று யாருக்கும் தெரியாது. அடுத்தவர் படைப்பை எடுக்கும்போதும் இதே வரிதான், மாற்றியிருந்தால் என்ன மாற்றினீர்கள் என்று ஓரிரு சொல் கூடுதலாக. யூடியூபில் காணொளி ஏற்றும்போது கிரியேட்டிவ் காமன்ஸ் என்று தெரிவு செய்தால் அங்கே கிடைப்பது பி.ஒய். மட்டும். தென்காசி டீச்சர் மாதிரி தாள் தாளாகப் பிரிந்து போகும் விஷயம் என்றால், முதல் பக்கத்தில் மட்டும் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் முதல் பக்கம் எப்போதுமே தொலைந்துபோகும்.